ஏச்சுக்கு ஒரு வழி, பழிக்கு வேறு வழி

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா மகள் போன் பண்ணினாள். கோவையில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்து 8 மாதம் ஆகிறது. ஹலோ சொல்லும்போதே குரல் சரியில்லை. பக்கத்து சீட்டு சீனியர் ஒருவர் இரண்டு வாரமாக ஜாடை பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். புதன்கிழமை டீ நேரத்தில் ஐந்தாறு பேர் முன்னால், "மேனேஜர் கார்ல லிஃப்ட் கிடைக்கிறவங்களுக்கு இன்கிரிமென்ட்டும் தானா கிடைக்கும்" என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அதையும் தாண்டி, ஒரு சப்ளையரின் கொட்டேஷன் விலையை இவள் இன்னொரு சப்ளையருக்குச் சொல்லிவிட்டாள் என்று மேனேஜருக்கு மெயிலே போட்டுவிட்டார். காப்பியில் நாலு பேர்.

"சித்தி, கை நடுங்குது. நாளைக்குப் போய் நேராவே கேட்டுடட்டுமா, எச்.ஆர்.கிட்டப் போகட்டுமா, இல்ல பேப்பர் போட்டுட்டு வந்துடட்டுமா?"

திருப்பூரில் பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸில் 23 வருஷம் உட்கார்ந்தவள் நான். இதே கேள்வியைக் கட்டிங் மாஸ்டரிடமிருந்து கேட்டிருக்கிறேன், செக்கிங் பெண்களிடமிருந்து கேட்டிருக்கிறேன், ஒரு தடவை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளிடம் அன்றைக்குச் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அவளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். அந்த ஆள் செய்தது ஒன்றல்ல, இரண்டு. கார் லிஃப்ட் பேச்சு ஏச்சு. கொட்டேஷன் மெயில் பழி. அழுகை வரும்போது இரண்டும் ஒரே உருண்டையாகத் தொண்டையில் நிற்கும். அந்த உருண்டையோடு போய் மேனேஜர் முன் நின்றால், கேட்பவருக்கு "இவங்க ரெண்டு பேருக்கும் ஏதோ ஆகல" என்று மட்டும்தான் விளங்கும். அதற்கப்புறம் விலை வெளியே போனதா இல்லையா என்பதை யாரும் நிதானமாகப் பார்க்க மாட்டார்கள். எது எதற்கு எந்த வழி என்று தேர்ந்தெடுப்பது இந்தப் பிரிப்புக்குப் பிறகுதான்.

என் கதையைச் சொன்னால் இது புரியும். அப்போது வேலைக்குச் சேர்ந்து 6 வருஷம். பெட்டி கேஷ், அதாவது அன்றாடச் சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் பணம், என் பொறுப்பு. எப்போதும் 12,000 ரூபாய் பெட்டியில் இருக்க வேண்டும், ரொக்கமாகவோ வவுச்சராகவோ. எங்கள் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட 2 பவுன் செயினைக் கழற்றாமல் வேலைக்கு வந்தேன். ஸ்டோர்ஸில் வயதில் மூத்த அண்ணன் ஒருவர், நாலு மணி டீயின்போது, "காசு ஓடுற இடத்துல உக்காந்தா கழுத்துல செயின் ஏறத்தானே செய்யும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அடுத்த வாரமும் அதே பேச்சு. அதற்கு மூன்றாம் நாள் அவர் மேனேஜரிடம் போய், பெட்டி கேஷ் சரியாக இல்லை, ஒருமுறை எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

எண்ணினால் 3,500 ரூபாய் குறைந்தது.

அந்த நிமிடம் எனக்கு வாயில் வந்ததெல்லாம் செயினைப் பற்றித்தான். "இவரு ரெண்டு வாரமா என்னைப் பத்தி என்ன பேசுறாரு தெரியுமா சார்" என்று ஆரம்பித்திருந்தால் அன்றோடு என் பெயர் போயிருக்கும். நல்லவேளை, பக்கத்தில் இருந்த வயதான கேஷியர் அம்மா என் கையைப் பிடித்து, "கண்ணு, முதல்ல காசைப் பாரு" என்றார். பெட்டியை மூடச் சொன்னேன். மேனேஜர், அந்த அண்ணன், கேஷியர் அம்மா மூன்று பேரும் பார்க்க மறுபடி திறந்தேன். எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு, எத்தனை பத்து என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு வவுச்சர்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். கீழ்த் தட்டில், ரெவின்யூ ஸ்டாம்ப் வைக்கிற டப்பாவுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு. "லோடிங் கூலி அட்வான்ஸ் 3,500. பில் பிறகு." நான் லீவில் இருந்த ஒரு சனிக்கிழமை கொடுத்த தொகை. கையெழுத்து அந்த அண்ணனுடையதே. எடுத்ததை அவர் மறந்திருந்தார். அப்படித்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மாலையே அரைப் பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கினேன். என்ன குற்றம் சொல்லப்பட்டது, எண்ணியபோது என்ன இருந்தது, சீட்டு எங்கே கிடைத்தது, தொகை சரியானது. இவ்வளவுதான் அதில். செயின் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செயினுக்கு மறுநாள் தனியாகப் போனேன். தண்ணிக் கேன் அடுக்கி வைத்திருக்கும் வராந்தாவில் அவர் மட்டும் நின்றிருந்தார். "அண்ணா, என் செயினைப் பத்தி டீ நேரத்துல நீங்க ரெண்டு தடவை பேசுனீங்க. அது என்னைத் திருடின்னு சொல்ற மாதிரி இருக்குதுங்க. இன்னைக்கு உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். இன்னொரு தடவை பேசினீங்கன்னா எழுதிக் குடுத்துருவேனுங்க." காலும் குரலும் நடுங்கத்தான் நடுங்கின. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பதிலே சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் அந்தக் கம்பெனியில் இருந்தவரை என் கழுத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

ஏச்சைப் பொறுத்தவரை, தனியாகச் சொல்வதுதான் மற்ற வழிகளைவிட அதிகம் பலித்திருக்கிறது என்பது என் அனுபவம். பத்துப் பேர் முன்னால் திருப்பிக் கேட்டால் அவருக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். பின்வாங்க மனசு வந்தாலும் வழி இருக்காது. தனியே சொன்னால் அந்த வழி இருக்கிறது. சொல்லும்போது மூன்று விஷயம் போதும்: நீங்கள் சொன்ன வார்த்தை இது, எனக்கு அது இப்படிப் பட்டது, மறுபடி நடந்தால் நான் இதைச் செய்வேன். "நீங்க எப்பவுமே இப்படித்தான்", "உங்க புத்தியே அது" என்று ஆரம்பித்தால் பேச்சு அவருடைய குணத்துக்குப் போய்விடும். சொன்ன வார்த்தை தப்பித்துவிடும். மூன்றாவதாகச் சொல்வதை நிஜமாகவே செய்யத் தயாராக இருந்தால் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு முறை மிரட்டிவிட்டு ஒன்றும் செய்யாதவளின் மூன்றாவது பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை.

எல்லார் முன்னாலும் பதில் சொல்வதற்கும் ஒரு இடம் உண்டு. பேச்சு வந்த அந்த நொடியில், குரலை உயர்த்தாமல், "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பது. ஜாடைப் பேச்சு ஜாடையாக இருக்கும்வரைதான் அதற்குப் பலம். விளக்கிச் சொல்லச் சொன்னால் பாதிப் பேர் "சும்மா சொன்னேன்மா" என்று நழுவிவிடுவார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஐந்து பேருக்கும் அது ஞாபகத்தில் நிற்கும், பின்னால் சாட்சி என்று வரும்போது உதவும். ஆனால் இதற்கு அந்த நொடியில் வாய் வர வேண்டும். எனக்கு வந்ததில்லை. வராதவர்கள் அதற்காகத் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை, வராந்தா இருக்கிறது.

தனியாகப் பேசவே கூடாத ஆட்களும் உண்டு. உடம்பைப் பற்றி, பாலியல் அர்த்தத்தில் பேசுகிறவரிடம் ஒரு பெண் தனியே போய்ப் பேச வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. சாதி பெயரைச் சொல்லித் திட்டுகிறவரிடமும் அப்படியே. கை ஓங்கியவரிடமும் அப்படியே. நமக்கு அப்ரைசல் போடுகிற மேலதிகாரி என்றால், கூட இன்னொருவர் இல்லாமல் அறைக்குள் போகாமலிருப்பது நல்லது.

பேசாமல் இருந்துவிடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது அதைத்தான். ஒரே ஒரு தடவை, களைப்பில், ஷிப்மென்ட் நெருக்கடியில் வந்த வார்த்தை என்றால் விட்டுவிடலாம். நானும் பலரை விட்டிருக்கிறேன், என்னையும் பலர் விட்டிருக்கிறார்கள். ஆனால் பழி விஷயத்தில் பேசாமல் இருப்பது பெருந்தன்மை ஆகாது. பதில் வராத குற்றச்சாட்டு ஃபைலில் அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து அப்ரைசல் வரும்போது அந்த மெயிலை யாரோ எடுப்பார்கள். "அப்பவே மறுக்கலையே" என்பார்கள்.

நான் தவறான வழி சொன்ன ஒரு கதையும் இருக்கிறது. 2015 வாக்கில், செக்கிங் பிரிவில் இருந்த ஒரு தங்கச்சி என்னிடம் வந்தாள். லைன் சூப்பர்வைசர் இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார், பீஸ் சரியில்லை என்று சொல்லிப் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று. "கண்டுக்காத கண்ணு, கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்று சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். சரியாகவில்லை. இரண்டு மாதம் கழித்து அவள் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எங்கள் மாடிப்படி ஓரத்தில் புகார்க் குழு என்று ஒரு போர்டு தொங்கியது. அதில் இருந்த பெயர்கள் யாருடையவை என்று நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை. அவள் போன பிறகுதான் படித்தேன்.

அப்போது எனக்குத் தெரியாதது இது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. எல்லாரும் போஷ் என்று சொல்வது அதைத்தான். அதற்கு அடித்தளம் 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. தொட்டால்தான் குற்றம் என்றில்லை. பாலியல் வண்ணம் பூசிய பேச்சும் அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் அங்கே மூத்த பதவியில் இருக்கும் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றால், அல்லது புகாரே முதலாளி மீது என்றால், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம்.

இதில் ஒரு கெடு இருக்கிறது. கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் வரை நீட்டிக்கலாம். செக்கிங் தங்கச்சி ஊருக்குப் போன அன்று அந்தக் கெடு முடியவில்லை. யாருக்கும் தெரியாததால் அது தானாக முடிந்துபோனது. "கொஞ்ச நாள் பாப்போம்" என்று இப்போது யாரிடமும் நான் சொல்வதில்லை.

புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். நடக்கும்போதே தன்னையோ எதிர்த் தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியும், 3 மாதம் வரை லீவு கேட்டும் அந்தப் பெண் எழுதிக் கொடுக்கலாம். குழு அதைப் பரிந்துரைக்க முடியும். சமரசம் என்பது அவள் கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. இரண்டு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. பெயரை வெளியே சொல்வது தடை. "நிரூபிக்க முடியலேன்னா என்னையே தூக்கிடுவாங்களா" என்று கேட்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால்தான் நடவடிக்கை. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. குழு வழி வேண்டாம், போலீஸ்தான் என்று ஒருத்தி நினைத்தால் அதற்கும் உரிமை உண்டு. பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் பேச்சுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவு இருக்கிறது. ஆனால் போஷ் சட்டத்தின்படி புகார் கொடுக்கப் பெண்களுக்கு மட்டுமே முடியும். இதே பேச்சுக்கு ஆளாகிற ஆண்களுக்கு அந்தக் கதவு இல்லை, கம்பெனி விதிகள்தான்.

சாதி சொல்லித் திட்டுவது வேறு வகைக் குற்றம், அதைக் கம்பெனிக்குள் "சமாதானமா போயிடுங்க" என்று முடிக்கப் பார்ப்பதை நான் வெறுக்கிறேன். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப்பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், சாதி பெயரால் வைவதும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை வேண்டியதில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. விசாரிப்பது டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. இதில் "பொதுப்பார்வை" என்ற சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாலு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னதாகச் சொல்லப்பட்ட ஒரு வழக்கில் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லோடிங் மேடையில் டிரைவர்கள் நிற்கும்போது திட்டியதும், கதவைச் சாத்திய கேபினில் திட்டியதும் அதனால் கோர்ட்டில் வேறு வேறாகிவிடுகின்றன. அங்கே நின்று கேட்டவர்கள் வாயைத் திறப்பார்களா என்பதில்தான் அந்த வழக்கே நிற்கிறது. நாம் அந்த இடத்தில் நின்றவராக இருந்தால், சாட்சி சொல்வதா வேண்டாமா என்பதும் நம் முன்னால் இருக்கும் தேர்வுதான்.

பாலியலும் இல்லை, சாதியும் இல்லை; வெறும் மட்டம் தட்டல், கேலி, பொய்க் குற்றச்சாட்டு. இதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் எல்லாவற்றையும் சேர்த்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் 190-வது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. அதனால் இந்த வகைக்குக் கம்பெனி வழிதான் முதல் வழி. 20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் உள்ள இடத்தில், முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்ட பிறகு ஆரம்பித்த கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மேனேஜரிடம் வாயால் சொல்வதா, எச்.ஆர்.க்கு எழுதுவதா? என் அக்கா மகளின் இரண்டாவது கேள்வி இது. எச்.ஆர். கம்பெனியின் ஆள், நம் வக்கீல் அல்ல. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. கம்பெனிக்குப் பின்னால் சிக்கல் வரக்கூடாது என்பதுதான் அவர்கள் கவலை; தேதியோடு, சாட்சியோடு ஒரு தாள் வந்தால் அவர்களால் அதைச் சும்மா வைத்திருக்க முடியாது. வாயால் சொன்னதை வைத்திருக்க முடியும். சின்னக் கம்பெனியில் எச்.ஆரே கிடையாது, முதலாளிதான். அவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "ஒரே குடும்பமா இருக்கோம், விட்டுருங்க" என்பார். அவர் மனசு நல்லதாகவே இருக்கும். ஏச்சுக்கு அது சில சமயம் போதும். பழிக்கு அது போதவே போதாது, "விசாரிச்சு ஒண்ணும் இல்லேன்னு ஆச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்க வேண்டும்.

எழுதும்போது "கேவலமாக நடந்துகொண்டார்" என்று எழுதாமல், அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோளில் எழுத வேண்டும், அது எழுதக் கூசும் வார்த்தையாக இருந்தாலும். நாள், நேரம், இடம், யார் யார் இருந்தார்கள். நமக்கு என்ன வேண்டும் என்ற ஒரு வரி: விசாரணையா, சீட் மாற்றமா, மறுப்பைப் பதிவு செய்வதா. என் மேஜை டிராயரில் ஒரு பழைய டைரி இருக்கிறது. அன்றன்றைக்கு இரண்டு வரி எழுதுவேன். "டீ. 4.10. செயின் பேச்சு. கேட்டவர்: பேக்கிங் அக்கா, டிரைவர்." நடந்த அன்றே எழுதிய இரண்டு வரி, மூன்று மாதம் கழித்து யோசித்து எழுதும் மூன்று பக்கத்தைவிட நம்பப்படும்.

வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஏச்சு என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஆனால் அந்த போனை விற்காதீர்கள், சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள். கோர்ட் வரை போனால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். மூலம் கையில் இருந்தால்தான் அது சுலபம். ராத்திரி பத்து மணிக்கு மேல் குரூப்பில் பதில் போட வேண்டாம். இது சட்டம் இல்லை, என் வேண்டுகோள்.

கோர்ட்டுக்குப் போய் மான நஷ்ட வழக்குப் போட்டால் என்ன என்று கோபத்தில் எல்லாரும் ஒருமுறையாவது கேட்கிறார்கள். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. 2 வருஷம் வரை தண்டனை. போலீஸ் நேரடியாக எடுக்காது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகப் போக வேண்டும். வருஷக்கணக்கில் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் சம்பளம். தவிர, நல்லெண்ணத்தோடு, அதிகாரம் உள்ளவரிடம் சொல்லும் புகார் அவதூறு ஆகாது என்று அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. மேனேஜருக்குப் போட்ட மெயிலை அந்த விலக்குக்குள் கொண்டுபோகத்தான் எதிர்த் தரப்பு பார்க்கும். அதே விலக்கு நாம் எழுதும் புகாரையும் காக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வேலையே போய், அடுத்த வேலைக்கும் அந்தப் பழி குறுக்கே நின்றால் ஒழிய நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

பேப்பர் போடுவது. அவள் மூன்றாவதாகக் கேட்டது. உடம்பு கெடுகிறது, தூக்கம் போய்விட்டது, புகார் கொடுத்தும் ஆளை அசைக்கவில்லை என்றால் தாராளமாக வெளியே வரலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் பழி தொங்கிக்கொண்டிருக்கும்போது வெளியே வந்தால் "மாட்டிக்கிட்டு ஓடிட்டா" என்பதுதான் அங்கே மிஞ்சும் கதை. பதிலை எழுதி, பதிவாக்கி, அதற்கப்புறம் கிளம்பினால் அந்தக் கதைக்கு இடமில்லை. வருஷக் கணக்கையும் பாருங்கள். எங்கள் பேக்கிங்கில் ஒருவர் 4 வருஷம் 4 மாதத்தில் ஒரு சண்டைக்குப் பிறகு அங்கேயே நின்று எழுதிக் கொடுத்துவிட்டார். 5 வருஷம் முடித்திருந்தால் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை வந்திருக்கும். அவரைத் திட்டியவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மெயிலுக்கு இன்னைக்கே பதில் போடணுமா சித்தி?" என்றாள். ஆமாம், அது பழி, அது காத்திருக்காது என்றேன். கொட்டேஷன் ஃபைலை யார் யார் எப்போது திறந்தார்கள் என்று சிஸ்டத்தில் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றாள். குரலில் முதல் தடவையாகத் தெம்பு வந்தது.

முக்கால் மணி நேரத்தில் எழுதி எனக்கு அனுப்பினாள். ஒரு பக்கம் இருந்தது. "என் நேர்மையைச் சந்தேகிப்பது வேதனை அளிக்கிறது" என்ற வரியையும், அவருடைய பொறாமையைப் பற்றிய இரண்டு வரியையும் எடுக்கச் சொன்னேன். கார் பேச்சையும் இந்த மெயிலில் கலக்காதே என்றேன். மிஞ்சியது 6 வரி: குற்றச்சாட்டை மறுக்கிறேன், அந்த ஃபைலை நான் திறந்த நேரம் இது, அந்த சப்ளையருக்கு நான் அனுப்பிய மெயில்கள் எல்லாம் இணைப்பில், கம்பெனி என் போன் பதிவுகளைப் பார்க்கலாம், விசாரித்து முடிவை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். காப்பியில் அதே நாலு பேர், கூட ஒருவரும் இல்லை. திங்கள் காலை 9.10-க்கு "அனுப்பிட்டேன் சித்தி" என்று வந்தது.

கார் பேச்சுக்கு என்ன செய்வது என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவள் முடிவு, நான் அவசரப்படுத்த மாட்டேன். அவரிடம் நேராகச் சொல்வதா, குழுவுக்குப் போவதா என்று யோசிக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று புகாரை எழுதி, தேதி மட்டும் போடாமல் கைப்பையில் வைத்திருக்கிறாள். கேட்ட ஐந்து பேரில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். குழுத் தலைவர் யார் என்று போர்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். அந்தப் பேச்சு நடந்தது ஜூன் 4. காலண்டரில் செப்டம்பர் 3-ஐச் சுற்றி சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறாள்.